ஆழமாப் போனால் பெரிய ஆளா?

சுழியோடப் பழகின எங்கட பெடியளிட்ட "அடுத்து என்ன?" எண்டு கேட்டால் ஒரே பதில்தான்: "ஹேர்மிஸ் பாக்கவேணும்." 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த கப்பல். கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லையே 40. ஆசை பிழையில்லை. ஆனால் தொடக்கநிலையைத் தாண்டுவதென்றால் ஆழத்துக்குப் போவது என்றொரு நினைப்பு இருக்கே, அதோடதான் எங்களுக்குச் சண்டை.

பாடி முறையில் ஓபன் வோட்டருக்குக் கடலில் 4 சுழியோடல், எல்லை 18 மீற்றர். இன்னும் 5 தரம் இறங்கினால் 'அட்வான்ஸ்ட்', எல்லை 30. மொத்தம் ஒன்பதே தரம் இறங்கின ஆள் அட்வான்ஸ்டாம்!

கணக்கைப் பாருங்கள். மேற்பரப்பிலிருந்து 10 மீற்றர் இறங்கும்போது ஜக்கெட்டுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். 20 இலிருந்து 30 க்குப் போகையில் மூன்றில் ஒன்று நாலில் ஒன்றாகும், அவ்வளவுதான். அப்ப மிதப்பைப் பிடித்து வைத்திருப்பது எங்கே கஷ்டம்? ஆழம் குறைந்த இடத்தில்தான். திருகோணமலைப் புறாத்தீவில் 6 மீற்றரில், கையடிக்காமல், காலால் மண் கிளப்பாமல், மூச்சை மட்டும் வைத்து ஒரே மட்டத்தில் நில்லுங்கள் பாப்பம். முடியாதவரின் துடுப்புக்காலணி கீழே இருக்கிற முருகைக்கல்லை உடைக்கும். ஒரு நொடியில் உடைபடுவது வளர எத்தனையோ வருஷம் எடுக்கும். 2003 இல் அந்த இடத்தைத் தேசியப் பூங்கா ஆக்கினது எங்கட காலுக்கு மிதிபட இல்லை.

புதுசா வருபவர்களுக்கு இடுப்பில் ஈயத்தைக் கூடக் கட்டி அனுப்பும் பழக்கமும் இருக்கு. கெதியா அமிழலாம், பயிற்றுநருக்கு வேலை சுகம். பிறகு அந்தப் பாரத்தைச் சமாளிக்க ஜக்கெட்டை ஊத, ஊதின காற்று ஏறி இறங்கும்போதெல்லாம் ஆளை ஆட்டும். காலடித்துக் காலடித்து சிலிண்டரும் முடியும். 30 மீற்றரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே எடுப்பதைப்போல நாலு மடங்கு காற்றுப் போகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆழம் வீரம் என்பவர்கள் சங்கும் கடலட்டையும் எடுக்கிற எங்கட கரையோர ஆக்களிட்டப் போய்க் கதையுங்கோ. ஒரே நாளில் பலதரம் இறங்கி, அவசரமாக ஏறி, கால் இழுத்துப் போனவர்கள் இருக்கினம். அவர்கள் போனது சோத்துக்கு. ஃபோட்டோவுக்குப் போகிற எங்களுக்கு என்ன அவசரம்?

அடுத்த கார்டுக்குச் சேர்க்கிற காசில் 10 மீற்றருக்குள்ளேயே சில தரம் கூட இறங்கலாம். சிலிண்டரில் 50 பார் மிஞ்சும்போது ஜக்கெட்டை முழுசா வெறுமையாக்கி, கயிறு பிடிக்காமல் 5 மீற்றரில் 3 நிமிஷம் நிக்க ஏலுமா எண்டு பாருங்கோ. அமிழ்ந்தால் ஈயத்தில் ஒண்டைக் கழட்டிப்போட்டுத் திரும்ப இறங்குங்கோ.