இலவச வைஃபை: பலகைக்குக் குறைவில்லை

2024 ஜூலையில் தனியார் கைப்பேசி நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றின. நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் திட்டம் ஜியோவில் 239 ரூபாயாக இருந்தது, 299 ஆனது. வீட்டில் மூன்று கைப்பேசி இருந்தால் 897 ரூபாய். அப்போது அரசு தந்த மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய். கணக்கு அதோடு முடிந்தது. அதனால்தான் பல வீடுகளில் ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் ரீசார்ஜ் நடக்கிறது. மற்றவர்கள் "கொஞ்சம் ஹாட்ஸ்பாட் போடு" என்று கேட்டுக் காலம் தள்ளுகிறார்கள். பொது இடங்களில் இலவச வைஃபை வைத்ததே இவர்களுக்காகத்தான்.

சும்மா ரீல்ஸ் பார்க்கத்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. எர்ணாகுளம் சந்திப்பு ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய ஓர் இளைஞர், நிலையத்து இலவச வைஃபையில் பாடங்களை இறக்கி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மூட்டை சுமந்தபடியே படித்தார். 2018இல் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். நாடு முழுக்கச் செய்தியானது. நம் ஊரில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் தேவை அதுதான். ரீல்ஸ் பார்த்தால்தான் என்ன, அதுவும் அவரவர் விருப்பம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய எண்ணம் அல்ல. 2017இல் மெரினா கடற்கரையும் பெரிய பேருந்து நிலையங்களுமாக ஐந்து இடங்களில் 'அம்மா வைஃபை' தொடங்கியது. முதல் 20 நிமிடம் இலவசம், அதன்பிறகு மணிக்கு 10 ரூபாய். ஆட்சி மாறியது. 2023 மார்ச் பட்ஜெட்டில் சென்னை, தாம்பரம், ஆவடி, கோவை, மதுரை, திருச்சி, சேலம் மாநகராட்சிகளின் முக்கியமான இடங்களில் இலவச வைஃபை என்று மறுபடி அறிவித்தார்கள். ரயில்வே தன் பங்குக்கு 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளோடு சேர்ந்து ஆரம்பித்தது. 2020இல் கூகுள் விலகிக்கொண்ட பிறகும் ரயில்டெல் நிறுவனம் 6,000க்கும் மேற்பட்ட நிலையங்களில் சேவையை நடத்துகிறது. அங்கே முதல் அரை மணி நேரம் இலவசம். மத்திய அரசின் 2018ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புக் கொள்கையோ 2022க்குள் ஒரு கோடி பொது வைஃபை என்றது. அதற்கென்று வந்த பிஎம் வாணி திட்டத்தில் 2025 வாக்கில் சேர்ந்திருந்தவை மூன்று லட்சத்தை ஒட்டித்தான்.

எண்ணிக்கை குறைவு என்பதை இங்கே பெரிதுபடுத்தப் போவதில்லை. வைத்தவரைக்கும் ஓடினால் போதும். அதுதான் ஓடவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் 'இலவச வைஃபை வசதி உண்டு' என்ற நீலப் பலகை புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. கைப்பேசியில் பெயரும் வருகிறது, கோடும் முழுசாகக் காட்டுகிறது. தொட்டால் 'ஐபி முகவரியைப் பெறுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போதாவது அதைத் தாண்டினால் ஓடிபி வராது. நேரக் காப்பாளர் அறையில் கேட்டால் நகராட்சியைக் கேட்கச் சொல்கிறார். நகராட்சியில் கேட்டால் "காண்ட்ராக்ட் விட்டாச்சு சார்" என்கிறார்கள். காண்ட்ராக்ட் எடுத்தவர் யார் என்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

முதலில் அந்த ஓடிபி விவகாரத்தைப் பார்ப்போம். இலவச வைஃபையில் நுழையக் கைப்பேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணுக்கு வரும் ரகசிய எண்ணைத் தட்டினால்தான் கதவு திறக்கும். ரீசார்ஜ் செய்ய வழியில்லாதவருக்காக வைத்த சேவை இது. ரீசார்ஜ் தீர்ந்து சில நாள் போனால் வருகிற குறுஞ்செய்தியும் நின்றுவிடும். பிறகு ஓடிபி எங்கே வரும்? வெளிநாட்டு எண்ணோடு வந்திறங்கும் இலங்கைத் தமிழருக்கோ, மகனிடம் பழைய கைப்பேசியைச் சிம் இல்லாமல் வாங்கிவைத்திருக்கும் அப்பாவுக்கோ இந்தக் கதவு திறக்கவே திறக்காது.

இப்படி ஒரு விதி வந்ததற்குக் காரணம் உண்டு. 2008 அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் பூட்டில்லாமல் வைத்திருந்த வைஃபை வழியாகப் போயிருந்தது. அடுத்த ஆண்டே, பொது வைஃபையில் வருகிறவர் யாரென்று பதிவு வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்டே தீர வேண்டும் என்பதில்லை. பிஎம் வாணியில் செயலி வழியாக ஒருமுறை பதிந்துவிட்டால், அந்தத் திட்டத்தில் சேர்ந்த எந்த இடத்திலும் அதையே பயன்படுத்தலாம். நூலகத்தில் உறுப்பினர் எண்ணைக் காட்டினால் நூலகரே ஒரு நாள் சீட்டு எடுத்துக் கொடுக்கலாம். பதிவும் இருக்கும், ஆளும் தெரியும். எங்கும் கதவு ஒன்றுதான் என்று வைத்தது சோம்பல்.

அடுத்தது, அந்த 'ஐபி முகவரியைப் பெறுகிறது'. பேருந்து நிலையங்களில் மக்கள் அதிகம் திட்டுவது இதைத்தான். வைஃபை பெட்டி தன்னிடம் வரும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஒரு முகவரி ஒதுக்கும். வழக்கமான அமைப்பில் அதனிடம் இருப்பது 250 முகவரி சொச்சம். ஒருவருக்குக் கொடுத்ததை எவ்வளவு நேரம் அவர் பெயரிலேயே வைத்திருப்பது என்று ஒரு கணக்கும் பெட்டிக்குள் உண்டு. பல கருவிகளில் அது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒரு நாள் என்று இருக்கும். வீட்டுக்கு அது சரி. பேருந்து நிலையத்துக்கு ஆகவே ஆகாது. என்றைக்கோ ஒருமுறை இணைத்த கைப்பேசி, அடுத்த முறை பேருந்து நிலையத்துக்குள் நுழைந்ததுமே தானாக இணைந்துகொள்ளும். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருக்கும் பயணியின் சட்டைப் பையிலிருந்து அது ஒரு முகவரியை வாங்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்விடும். காலை பத்து மணிக்கெல்லாம் முகவரி தீர்ந்துபோகும். பதினோரு மணிக்கு வருகிறவர் பலகைக்குக் கீழேயே நின்றாலும் கிடைக்காது. ஒரு நாள் என்றிருப்பதை அரை மணி நேரம் என்று மாற்றி, முகவரி எண்ணிக்கையையும் கூட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. பெட்டியின் கடவுச்சொல் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. அந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதுதான் ஊருக்குத் தெரியவில்லை.

கோடு முழுசாகக் காட்டுகிறதே, பிறகும் ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் அதிகம். அந்தக் கோடு, கைப்பேசிக்கும் பெட்டிக்கும் நடுவில் சிக்னல் எப்படி என்பதை மட்டும் சொல்லும். பெட்டிக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா அறுந்ததா என்பது அதற்குத் தெரியாது. மழைநீர் வடிகால் தோண்டும்போது கண்ணாடி இழைக் கம்பி அறுந்தாலும் கோடு ஐந்தும் ஜொலிக்கும். மின்சாரமும் ஒரு தனிக் கதை. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை போடும் வேலையை மாநில அரசின் டான்பிநெட் நிறுவனம் எடுத்துச் செய்கிறது. ஊராட்சிகளில் வைத்த பெட்டிக்கும் யுபிஎஸ்சுக்கும் மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள், அது அரசு உடைமை என்று மாவட்ட ஆட்சியர்கள் செய்திக்குறிப்பு வெளியிட வேண்டி வந்தது.

பயனாளர் பக்கத்திலும் சில வேலைகள் இருக்கின்றன. பலருக்கு இவை பலகையில் எழுதியிருந்தாலே போதும், வழி கிடைத்துவிடும். எண் கேட்கும் பக்கம் தானாக வராவிட்டால் முதலில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் கைப்பேசி சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும், நீங்கள் இலவசம் என்று நினைத்துக் காசைக் கரைப்பீர்கள். விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டில் 'தனிப்பட்ட டிஎன்எஸ்' என்ற அமைப்பில் ஏதாவது பெயர் போட்டுவைத்திருந்தால் 'தானியங்கு' என்று மாற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிரௌசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று தட்டிப் பாருங்கள். அது பூட்டில்லாத பக்கம் என்பதால், வைஃபை பெட்டி அதை இடைமறித்து எண் கேட்கும் பக்கத்தைக் காட்ட முடியும். கைப்பேசியில் தேதி தவறாக இருந்தாலும் பக்கங்கள் திறக்காது, பழைய கைப்பேசிகளில் இது சகஜம். அந்த வைஃபையின் பெயரை 'மறந்துவிடு' என்று நீக்கி மறுபடி சேர்வது கடைசி வைத்தியம். வேலை முடிந்ததும் தானாக இணையும் வசதியை அணைத்துவிடுங்கள், வரிசையில் இருக்கும் இன்னொருவருக்கு முகவரி மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசு வைஃபையின் பெயரையே வைத்து எவரும் போலியாக ஒன்றைக் கிளப்பலாம். வைஃபையில் நுழைய ஆதார் எண்ணோ வங்கி அட்டை எண்ணோ யுபிஐ பின்னோ கேட்டால், அந்த நொடியே வெளியே வந்துவிடுங்கள்.

அரை மணி நேர இலவசம் எதற்குக் காணும்? ஹால் டிக்கெட் இறக்குவதற்குக் காணும். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் காணாது. போட்டோ, கையெழுத்து, சாதிச் சான்று, வருமானச் சான்று என்று ஒவ்வொன்றையும் கேட்கும் அளவுக்குச் சுருக்கி ஏற்றி, கடைசிப் பக்கத்தில் 'சமர்ப்பி' பொத்தானைத் தொடும் நேரத்தில் இணைப்பு அறுந்தால், திரும்ப முதலிலிருந்து. விண்ணப்பிக்க வந்த பெண் நேராகப் பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் பணம் கொடுத்து முடிக்கிறாள். கேரளத்தில் அரசின் கே-ஃபை நிமிடக் கணக்கு வைக்கவில்லை. நாளுக்கு 1 ஜிபி, 10 எம்பிபிஎஸ் வேகம். அதே கேரளத்தின் உயர் நீதிமன்றம்தான் 2019இல், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. நிமிடத்தை விட்டு ஜிபி கணக்குக்கு மாறுவதில் நமக்கு என்ன தடை?

திட்டம் தொடங்கும்போது ரிப்பன் வெட்ட ஆள் இருக்கிறது. பழுதானால் பொறுப்பேற்க ஆள் இல்லை என்பதே இத்தனை கோளாறுக்கும் வேர். தெருவிளக்கு எரியாவிட்டால் கம்பத்தின் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுக்கிறோம். ஊழியர் வருகிறார், பல்பு மாறுகிறது. வைஃபை பெட்டிக்கும் அப்படி ஓர் எண் எழுதினால் என்ன? பராமரிப்பவர் பெயர், தொலைபேசி எண், எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று நான்கு வரி. பெட்டி உயிரோடு இருக்கிறதா என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம், அதற்கான வசதி நவீனக் கருவிகளிலேயே வருகிறது. ஓடாத நாளுக்குப் பணம் பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தால், காண்ட்ராக்டரே காலையில் வந்து பார்ப்பார்.

நகராட்சியால் முடியாது என்றால் டீக்கடைக்காரரிடம் விடலாம். பிஎம் வாணிப்படி கடைக்காரர் உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் வைஃபை கொடுக்கலாம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சாதாரண இணைப்பைத் தராமல், எக்கச்சக்க விலையுள்ள நிறுவன இணைப்பை வாங்கச் சொன்னதுதான் இத்தனை நாள் அவர்களைத் தடுத்தது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதற்கு வரம்பு கட்டிவிட்டது. 200 எம்பிபிஎஸ் வரையிலான வீட்டு இணைப்புத் திட்டங்களை, சில்லறைக் கட்டணத்தின் இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் இவர்களுக்கும் தர வேண்டும். பேருந்து நிலையக் கடைகளை ஏலம் விடும்போது, வைஃபை நடத்தும் கடைக்கு வாடகையில் சலுகை என்று நகர்மன்றம் ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

கிடப்பில் போட்டால் கேட்கும் வழி நம் கையில் உண்டு. முதல்வரின் உதவி மையம் 1100, சென்னை மாநகராட்சி 1913, ரயில் நிலையம் என்றால் 139. வாய்மொழிப் புகாரோடு நிறுத்தாதீர்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 6(1) பிரிவில், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அந்தந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எங்கெங்கே எத்தனை பெட்டி, பராமரிப்பு யாரிடம், கடந்த 12 மாதத்தில் எத்தனை நாள் ஓடியது, அந்தக் காலத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தீர்கள், பிடித்தம் எவ்வளவு, ஒப்பந்தத்தின் நகல். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் 19(1) பிரிவில் மேல்முறையீடு.

நகராட்சி நிர்வாக இயக்ககம் இந்த மாதமே ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். பெட்டிக்கு எண், பலகையில் பொறுப்பாளர் பெயர், முகவரி ஒதுக்கும் நேரம் அரை மணி, ரீசார்ஜ் இல்லாதவருக்கு நூலகச் சீட்டு. இந்த நான்குக்கும் புதிதாக ஒரு கருவிகூட வாங்க வேண்டியதில்லை.