பன்றிக் கொட்டிலில் கிடைத்த துண்டுச் சீட்டு

தீவிர சிகிச்சைப் பிரிவில் மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு டாக்டர்கள் தயக்கத்துடன் எடுக்கும் பழைய மருந்து ஒன்று உண்டு: கோலிஸ்டின். தயக்கத்துக்குக் காரணம், அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். 1940களின் இறுதியில் ஜப்பானில், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மருந்து இது. தீங்கு குறைந்த புதிய ஆன்டிபயாடிக்குகள் வந்ததும், 1970களில் மருத்துவ உலகம் இதை ஓரங்கட்டியது. புதியவை ஒவ்வொன்றாகத் தோற்கத் தொடங்கியதும், ஓய்வு பெற்ற ஊழியரை மீண்டும் வேலைக்கு அழைப்பது போல் அழைத்துக்கொண்டது.

ஆனால் அந்த ஓய்வுக் காலத்திலும் கால்நடைப் பண்ணைகள் அதைச் சும்மா விடவில்லை. பன்றி, கோழித் தீவனத்தில் சிறிதளவு கலந்தால் வயிற்றுப்போக்கு குறையும். எடை சீக்கிரம் ஏறும். நெரிசலான கொட்டிலில் சுத்தம் செய்ய வேண்டிய வேலையை மருந்து செய்தது. இப்படிக் குறைந்த அளவில் நாள்தோறும் தரப்படும் மருந்து எல்லா பாக்டீரியாக்களையும் கொல்வதில்லை. பலவீனமானவை சாகின்றன, தாங்கத் தெரிந்தவை பெருகுகின்றன.

இதன் விளைவு 2015 நவம்பரில் அம்பலமானது. ஷாங்காய் பன்றிப் பண்ணை ஒன்றில் கிடைத்த ஈ.கோலி பாக்டீரியாவில் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைக் கண்டதாக சீன விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கோலிஸ்டின் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் ஒட்டிக்கொண்டுதான் அதை உடைக்கிறது. இந்த மரபணு சுவரின் மின்னேற்றத்தை மாற்றிவிடுகிறது. மருந்தால் ஒட்ட முடிவதில்லை.

விஞ்ஞானிகளைத் திடுக்கிட வைத்தது அது இருந்த இடம். அதுவரை தெரிந்த கோலிஸ்டின் எதிர்ப்பு பரம்பரைச் சொத்து மாதிரி, தாயிடமிருந்து சேய்க்கு மட்டுமே போனது. எம்.சி.ஆர்-1 பிளாஸ்மிட் எனப்படும் தனி டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்திருந்தது. பிளாஸ்மிட்டை ஒரு பாக்டீரியா பக்கத்திலிருக்கும் பாக்டீரியாவுக்கு, அது வேறு இனமாக இருந்தாலும், பரீட்சை ஹாலில் துண்டுச் சீட்டு கைமாறுவது போலக் கொடுத்துவிடும்.

எவ்வளவு தூரம் கைமாறியது? 2011-14ல் சேகரித்த மாதிரிகளைச் சோதித்தபோது, 804 விலங்குகளில் 166லும், 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78லும் அந்த மரபணு இருந்தது. நோய்த்தொற்றுடன் மருத்துவமனையில் இருந்த 1,322 பேரில் 16 பேரிடமும் இருந்தது. கொட்டிலில் அதிகம், கடையில் குறைவு, கட்டிலில் சிலர். எதிர்ப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று ஊகிப்பது கடினமாக இல்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் புலம்பிவிட்டுப் போகலாம். 2017ல் சீனா, எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. 2015-16ல் பன்றிகளிடம் எடுத்த ஈ.கோலியில் 34 சதவீதம் கோலிஸ்டினை எதிர்த்தது. 2017-18ல் அது 5 சதவீதமாக இறங்கியது. கோழிகளில் 18 சதவீதம் 5 ஆயிற்று. எதிர்ப்பு மரபணு பாக்டீரியாவுக்கும் ஒரு சுமைதான். மருந்து இல்லாத இடத்தில் அதைச் சுமப்பதால் லாபமில்லை.

இந்தியாவும் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகள், கோழிகள், மீன் வளர்ப்பு ஆகியவற்றுக்காக கோலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. நல்ல முடிவு. ஆனால் தடை ஒரு மருந்தின் பெயரைத்தான் அடிக்கிறது. நெரிசலும் ஈரமும் அப்படியே இருந்தால் பண்ணைக்காரர் இன்னொரு மருந்தைத் தேடுவார். நோயுற்ற மாட்டுக்கு ஊசி போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நோயில்லாத கோழிக்குத் தினமும் மருந்து ஊட்டுவதுதான் வம்பு. தடுப்பூசிக்கும், காற்றோட்டத்துக்கும், காய்ந்த படுக்கைக்கும் செலவாகும். கறி கொஞ்சம் விலை ஏறலாம்.

அந்தச் செலவைத் தவிர்த்தாலும் யாரோ ஒருவர் கொடுக்கத்தான் போகிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில், கடைசி மருந்தும் வேலை செய்யாத ஓர் இரவில்.