இலைக்கஞ்சியும் இலையில்லாத வளவுகளும்

புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் நம்மவர்களின் முகநூல் பக்கங்களில் ஒரு பச்சைப் பானம் அடிக்கடி தென்படுகிறது. ஸ்பினாச் அல்லது கேல் இலையை வாழைப்பழத்தோடு பிளெண்டரில் அடித்து உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அதன் பெயர் கிறீன் ஸ்மூத்தி. 'வீகன்' உணவுக்கு மாறியவர்கள், அதாவது மீன், இறைச்சி, முட்டையோடு பாலையும் விலக்கியவர்கள், கூடுதலான கீரையை உடம்பில் சேர்ப்பதற்கு இதுவே இலகுவான வழி என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. ஒரு நேரச் சோற்றோடு ஒரு கட்டுக் கீரையை ஒருவர் தனியாகச் சாப்பிட்டு முடிப்பது கடினம். அரைத்துக் குடிப்பது சுலபம்.

ஆனால் இது நமக்குப் புதிதல்ல. வல்லாரை, முசுட்டை, முல்லை, தூதுவளை என்று கையில் அகப்பட்ட இலையை இடித்துச் சாறு பிழிந்து, அரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு விட்டு, ஒரு கொதியில் இறக்கி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த இலைக்கஞ்சியும் இதே வேலையைத்தான் செய்தது. சிங்கள மக்களிடம் அது 'கொல கெந்த'. என்னைக் கேட்டால் ஸ்மூத்தியை விட இது ஒரு படி மேல் என்பேன். இலையில் உள்ள கரோட்டினை உடல் உறிஞ்சுவதற்குக் கொழுப்பு தேவை. அதைத் தேங்காய்ப்பால் கொடுக்கிறது. கிணற்று நீரை நம்ப முடியாத இடத்தில், நெருப்புக்காய்ச்சல் அடிக்கடி வந்துபோகும் ஊரில், பச்சையாக அடித்த இலையை விடக் கொதித்த இலை பாதுகாப்பானது. சாறு பிழியும்போது சக்கை போய்விடுகிறது என்பது மட்டும் ஒரு குறை. இலையைக் குறுணியாக அரிந்து அப்படியே கஞ்சியில் போட்டால் அந்தக் குறையும் இல்லை.

நான் இதை ஒரு சமையல் குறிப்பாக எழுதவில்லை. 2022இல் இந்த நாடு வங்குரோத்தானபோது வடக்குக் கிழக்கில் ஏராளமான குடும்பங்கள் தாம் விரும்பாமலே வீகன் ஆகின. அந்த ஆண்டு மார்ச்சில் 400 கிராம் பால்மா பைக்கற் 790 ரூபாவாகியது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. மீனும் முட்டையும் பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிலிருந்து விலகின. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விரதம் பிடித்து மரக்கறி சாப்பிடுவது வேறு, கையில் காசில்லாமல் மரக்கறிக்கு இறங்குவது வேறு. முன்னதில் பருப்பும் தயிரும் நெய்யும் இருக்கும். பின்னதில் சோறும் ஒரு சம்பலும்தான். விலைகள் ஏறிய வேகம் பின்னர் குறைந்தது. ஏறிய விலைகள் பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நிற்கின்றன. எனவே ஒரு ரொறொன்ரோ வீட்டில் கீரைப்பானம் ஒரு தெரிவு. வன்னியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அது கிட்டத்தட்ட ஒரேயொரு வழி.

அந்த வழி எவ்வளவு தூரம் போகும்? முருங்கையிலை, அகத்தி, பொன்னாங்காணி எல்லாவற்றிலும் இரும்புச்சத்து உண்டு. ஆனால் தாவரத்தில் உள்ள இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சும். கஞ்சியை இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விட்டால் உறிஞ்சுவது கூடும். கஞ்சியோடு சேர்த்துத் தேத்தண்ணீர் குடித்தால் பாதிக்கு மேல் குறைந்துவிடும். நம்முடைய காலைப் பழக்கத்தில் ஆகப் பெரிய பிரச்சினை இந்தத் தேத்தண்ணீர்தான். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும். ஸ்பினாச், பசளி போன்றவற்றில் ஒக்சலேற்று அதிகம். அது கல்சியத்தைப் பிடித்துவைக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அவற்றைப் பச்சையாக அடித்து நாள்தோறும் குடிக்கக்கூடாது. சிறுநீரக நோயாளர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. விற்றமின் பி12 எந்த இலையிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. முட்டையும் பாலும் மீனும் இல்லாத வீட்டில் எவ்வளவு கீரை குடித்தாலும் அந்தக் குறை அப்படியே இருக்கும். குளிசையாக எடுக்கவேண்டும். இதைச் சொல்லாமல் "கீரை சாப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லும் அறிவுரை அரைகுறையானது.

சரி, இலைக்கு எங்கே போவது?

2022 ஜூனில் அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. அதே மாதம் இராணுவம் பசுமை விவசாயத்துக்கென்று ஒரு குழுவை அமைத்து, 1,500 ஏக்கர் தரிசு அரச காணிகளில் பயிரிடப்போவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்து, நவம்பரில் அந்தத் தடையைக் கைவிட்டதும் இதே அரசுதான். தரிசு நிலம் தேடிய அதே இராணுவம், யாழ்ப்பாணத்தின் மிகச் செழிப்பான செம்மண்ணில் ஒரு பகுதியை வலிகாமம் வடக்கில் வைத்திருக்கிறது. 1990இல் அங்கிருந்து எழும்பியவர்களின் காணிகள் துண்டு துண்டாகத்தான் விடுவிக்கப்பட்டன. இன்னமும் விடுவிக்கப்படாதவை உண்டு. உரிமையாளர்கள் வேலிக்கு வெளியே நிற்க உள்ளே படையினர் பயிர் செய்கிறார்கள் என்பது அங்கே பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் முறைப்பாடு.

காணி திரும்பக் கிடைத்தவர்களின் நிலைமையும் சிக்கலானது. முன்பு யாழ்ப்பாணத்து வேலியே ஒரு கீரைத்தோட்டம். கிளுவை, முள்முருக்குக் கதியால்களில் முசுட்டையும் குறிஞ்சாவும் படர்ந்திருக்கும். மூலையில் ஒரு முருங்கை, கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும். ஒருவரும் அவற்றை நட்டதாகச் சொல்லமாட்டார்கள். போருக்குப் பின் வந்த வீட்டுத்திட்டங்கள் கல்வீட்டைத் தந்தன. வேலி தகரமாகியது, வசதி வந்தவர்களுக்கு மதிலாகியது. வன்னியில் புதிதாக நட்ட அகத்தியைக் கட்டாக்காலி மாடுகள் முதல் வாரத்திலேயே தின்றுவிடுகின்றன. கோடையில் குடிதண்ணீரை பவுசரில் வாங்கும் கிராமத்தில் கீரைப்பாத்திக்கு யார் தண்ணீர் விடுவார்?

நேரம் இன்னொரு பிரச்சினை. இலை பிடுங்கி, ஆய்ந்து, கழுவி, இடித்து, கஞ்சி காய்ச்ச ஒரு மணித்தியாலம் வேண்டும். விடியமுன் ஆடைத்தொழிற்சாலை பஸ்ஸில் ஏறவேண்டிய பெண்ணிடம், நுண்கடன் தவணைக்காகக் கூலிக்குப் போகும் பெண்ணிடம் அந்த ஒரு மணித்தியாலம் இல்லை. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் இத்தனை இருக்கும் மாகாணத்தில் ஊட்டச்சத்து என்பது தாய்மாருக்கு அறிவுரை சொல்லித் தீர்க்கும் விடயம் அல்ல. பிளெண்டர் அந்த நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. அதன் விலையும் மின்சாரக் கட்டணமும் வேறு கதை.

ஆகவே கஞ்சி வீட்டுக்கு வெளியே காய்ச்சப்பட வேண்டும். முன்பள்ளிகளிலும், பாடசாலை உணவுத் திட்டத்திலும், கிராமத்துக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கிலும் கிழமைக்கு மூன்று நாட்களாவது இலைக்கஞ்சி கொடுக்கலாம். அரிசி, தேங்காய், இலை, தேசிக்காய்; இதில் டொலர் கொடுத்து வாங்கவேண்டியது எதுவுமில்லை. காய்ச்சுபவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். இலையை அந்தந்தக் கிராமத்துப் பெண்களிடமிருந்தே காசு கொடுத்து வாங்கவேண்டும். பிரதேச சபைகள் மாட்டுப் பிரச்சினையைக் கையிலெடுத்து, வீதியோரங்களில் முருங்கைத் தடி ஊன்றினாலே ஓராண்டுக்குள் இலைக்குப் பஞ்சம் வராது.

ஆனால் நம்முடைய பகுதிகளில் கஞ்சி என்ற சொல்லே அதிகாரிகளுக்கு வேறு அர்த்தம் தருகிறது. 2024 மே மாதம் மூதூர் பகுதியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்குவதற்கு எதிராகப் பொலிஸார் நீதிமன்றத் தடை பெற்றார்கள். அதற்குச் சொன்ன காரணம் பொதுச் சுகாதாரம். கஞ்சி கொடுத்த பெண்கள் இரவில் கைது செய்யப்பட்டார்கள். சனங்களின் சுகாதாரத்தில் அவ்வளவு அக்கறையுள்ள அரசு, அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளிக் கஞ்சிக்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்பதை வடக்குக் கிழக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுப் பார்க்கலாம்.