குணமாகுமா, அடங்கிடுமா?

போன பௌர்ணமிக்கு கிரிவலம் போனப்போ நடுவில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துட்டேன். (14 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் நடக்கிற ஆள் நானில்லைங்கிறது உங்களுக்குத் தெரிஞ்சதுதானே!) பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா, கூடவே இருபது வயசு மதிக்கத்தக்க மகன். அவன் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் ஒரு பழைய துண்டால் சேர்த்துக் கட்டியிருந்தாங்க. கூட்டத்தில் ஓடிடுவானாம், சில நேரம் கோபம் வந்து அடிச்சிடுவானாம். பேச்சுவாக்கில் கேட்டாங்க: "ஏம் தம்பி, மண்டையில ஆபரேஷன் பண்ணா அடங்கிடுவானாமே? நெசமா?"

"நல்ல மனநல டாக்டரா பாருங்கம்மா"ன்னு ஒரு சொத்தைப் பதிலைச் சொல்லிட்டு டீக்குக் காசு கொடுத்துட்டு வந்துட்டேன். ஈசான்ய லிங்கம் வர்ற வரைக்கும் அந்தக் கேள்வி விடலை. அந்த அம்மா "குணமாயிடுவானா"ன்னு கேட்கலை, "அடங்கிடுவானா"ன்னு கேட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனா டாக்டர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்காங்க மக்களே, அதுவும் நம்ம சென்னையிலேயே.

மூளை ஆபரேஷன்னா பலருக்கும் போர்ச்சுகல்காரர் எகாஸ் மோனிஸ் ஞாபகம் வரும். 1935ல் ஆரம்பிச்சார், 1949ல் நோபல் பரிசே கொடுத்துட்டாங்க. அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் கண்குழி வழியா கம்பியை விட்டு, மூளையின் முன்பகுதி இணைப்புகளை அறுத்த கதையையும் படிச்சிருப்பீங்க. ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941ல் செஞ்சது வேற முறை. 23 வயசுப் பெண், அதன்பிறகு சாகிற வரை பிறர் துணையோடதான் வாழ்ந்தார். "அடடா, வெள்ளைக்காரன் எவ்வளவு கொடூரம்"னு உச்சுக் கொட்டறது நமக்கு சுலபம்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். 1950ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. பெரிய மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. 1960களில் இருந்து அவரும், டாக்டர் வி. பாலசுப்ரமணியமும், இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணரான டாக்டர் டி.எஸ். கனகாவும் சேர்ந்து மூர்க்கமா நடந்துக்கிறவங்களுக்கு மூளையில் ஆபரேஷன் செஞ்சாங்க. தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, எக்ஸ்ரே வெச்சு அளந்து, சின்ன ஓட்டை வழியா மெல்லிய குழலை விட்டு, அமிக்டலாங்கிற பாதாம்கொட்டை அளவுப் பகுதியை ரெண்டு பக்கமும் அழிக்கணும். அது போதலைன்னா ஹைப்போதலாமஸ். 1988ல் ராமமூர்த்தி எழுதிய கட்டுரைப்படி மொத்தம் 603 ஆபரேஷன், அதில் 481 அமிக்டலா. குழந்தைகளும் உண்டு, வலிப்பும் மூளை வளர்ச்சிக் குறைபாடும் இருந்தவங்களும் உண்டு.

இதுக்கு அவங்க வெச்ச பேர் என்ன தெரியுமா? "செடேட்டிவ் நியூரோசர்ஜரி". அதாவது சாந்தப்படுத்தும் அறுவை. ஆளை அமைதியா, கையாள லேசா ஆக்கணும், அதுதான் குறிக்கோள். ஒளிவுமறைவே இல்லை. டீக்கடை அம்மாவின் அதே "அடங்கிடுவானா"தான்!

அவங்க வில்லன்கள்னு நான் சொல்ல வரலை. மருந்துகள் குறைவு. வீட்டில் சங்கிலி, இல்லாட்டி ஆஸ்பத்திரியில் பூட்டிய அறை. அதைவிட இது மேல்னு மனசார நம்பியிருப்பாங்க. என் சண்டை அளவுகோலோடதான். வீட்டார் நிம்மதியா தூங்கினா வெற்றி, வார்டில் சத்தம் குறைஞ்சா வெற்றி. உள்ளே இருக்கிறவனுக்கு என்ன ஆச்சுன்னு யார் கேட்டா?

விஞ்ஞானமாவது உறுதியா இருந்ததா? அமிக்டலா ஒண்ணும் கோபத்தோட சுவிட்ச் கிடையாது. பயம், நினைவு, எதிராளியின் முகக்குறிப்பைப் படிக்கிறதுன்னு எல்லாத்திலும் அதுக்குப் பங்கு உண்டு. கூடவே, எரிச்ச திசு திரும்ப வராது. மாத்திரை ஒத்துக்கலைன்னா நிறுத்தலாம், இதை எப்படி நிறுத்துவீங்க?

இப்போ மூளையில் கம்பி பதிச்சு மின்சாரம் கொடுக்கிற முறை இருக்கு, அணைச்சும் வைக்கலாம். எதுக்கும் மசியாத ஓசிடிக்கு 2009ல் அமெரிக்காவில் வரம்போட அனுமதி கிடைச்சது. கதவை நூறு தடவை பூட்டிப் பார்த்து வாழ்க்கையே நாசமானவர் "எனக்கு இது வேணும்"னு தானே கேட்டா, நான் குறுக்கே நிக்க மாட்டேன். ஆனா மனச்சோர்வுக்கு 90 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2017ல் வந்தது. முதல் ஆறு மாசத்தில் கரண்ட் கொடுத்தவங்களுக்கும் கொடுக்காதவங்களுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை! நம்பிக்கை மட்டுமே எவ்வளவு வேலை செய்யுது பாருங்க. அந்த மாதிரி ஒப்பீடு இல்லாம மூளையில் 603 ஆபரேஷன் செஞ்சதைத்தான் சாதனைன்னு கொண்டாடறோம்.

"அதான் சட்டம் வந்துடுச்சே"ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு: ஆமா, 2017 மனநலச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, நோயாளியே விவரம் புரிஞ்சு சம்மதிக்கணும், மறுஆய்வு வாரியமும் அனுமதிக்கணும்னு சொல்லுது. அப்பா அம்மா கையெழுத்து செல்லாது. நல்ல பிரிவு. ஆனா அதே சட்டம் மூளை வளர்ச்சிக் குறைபாட்டை "மனநோய்" விளக்கத்தில் சேர்க்கலை. அதாவது அந்தக் காலத்தில் மேசையில் படுத்த குழந்தைகளில் பலருக்கு இந்த வேலி இன்னிக்கும் இல்லை! இதைப் பத்தி யாராவது பதிவு போட்டீங்களா?

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகினாங்க. அங்கே இரும்புச் சங்கிலி, இங்கே மெல்லிய குழல். ரெண்டுக்கும் பின்னாடி ஓடற கேள்வி ஒண்ணேதான். நம்ம ஊரிலேயும் பாருங்க, மலையைச் சுத்தி அலையறவர் பேசாம இருந்தா சித்தர்னு காலில் விழறோம், கத்தினா கல்லெடுக்கறோம். ரெண்டிலுமே அவருக்கு என்ன வேணும்னு கேட்கிறதில்லை.

அந்த அம்மாவைத் திரும்பப் பார்த்தா இப்படிச் சொல்லணும்: "அம்மா, அவன் ஏன் அடிக்கிறான்னு முதல்ல பார்க்கச் சொல்லுங்க. பல்வலியா இருக்கலாம், வலிப்பா இருக்கலாம், கொடுக்கிற மாத்திரையே ஒத்துக்காம இருக்கலாம். வாரத்துக்கு ரெண்டு நாள் அவனைப் பார்த்துக்க ஆள் கிடைச்சா நீங்களும் தூங்கலாம்." அந்த ஆளை யார் கொடுக்கறது? அரசாங்கமா, கோயிலா, நாமளா? அதுக்குப் பதில் இல்லாததாலதான் மண்டையில் ஓட்டை போடலாமான்னு ஒரு தாய் டீக்கடையில் கேட்கிறா.

திட்டறவங்க தாராளமா திட்டலாம், பின்னூட்டப் பெட்டி திறந்தேதான் இருக்கு. "அப்போ நீ வந்து அவனைப் பார்த்துக்கறியா"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அன்னிக்கு டீக்குக் காசு கொடுத்துட்டு எழுந்து வந்தவன்தான் நானும்.