கண்ணாடித் தரைக்குக் கீழே எரிந்த தீ



நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடனக்காரிகளிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க முடியாது. அன்று மேடையோரம் முழுக்க எரிவாயு விளக்குகள், திறந்த சுடரோடு. ஆடுபவர் உடுத்தியதோ மெல்லிய மஸ்லின். 1862 நவம்பரில் பாரிஸ் ஓபராவின் ஒத்திகை ஒன்றில் எம்மா லிவ்ரி என்ற பாலே கலைஞரின் பாவாடையில் தீப்பற்றியது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்து, இருபது வயதில் இறந்துபோனார். துணி எளிதில் பற்றாமலிருக்க அதை ஒரு கரைசலில் முக்கியெடுக்கும் முறை அப்போதே இருந்தது. முக்கினால் துணி விறைத்துவிடும், பார்க்க நன்றாக இராது என்று அவர்தான் வேண்டாம் என்றிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பவர்களின் கண்ணுக்காக ஒரு பெண் எடுத்த முடிவு அது. படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது.

அதே 1862-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஃபுல்லர்ஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர் லோயி ஃபுல்லர். மேடை ஒளிக்கென்று ஒதுக்கியிருக்கும் இந்த இதழில் என் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறேன். ‘தீ நடனம்’ ஆடி ஐரோப்பாவையே அசத்தியவர் அவர். அந்த நடனத்தில் ஒரு தீக்குச்சிகூட எரியவில்லை.

ஃபுல்லர் பர்லெஸ்க் மேடையில் வளர்ந்தவர். பர்லெஸ்க் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது ஆடை களையும் நடனம். அது பிற்பாடு ஒட்டிக்கொண்ட முகம். அந்தக் காலத்துப் பர்லெஸ்க், ஊரறிந்த கதைகளையும் ஓபராக்களையும் பாட்டும் கேலியுமாகக் கவிழ்த்துப் போடும் ஆட்டம். பெண்கள் கால்சட்டை மாட்டிக்கொண்டு ஆண் வேடம் கட்டுவார்கள். பாதிக் கூட்டம் அதற்காகவே வரும். 1868-ல் லிடியா தாம்ப்சன் என்ற ஆங்கில நடிகை தன் குழுவை நியூயார்க்கில் இறக்கி இதற்கு அமெரிக்காவில் பெரிய சந்தையை உண்டாக்கினார். சிகாகோவில் ஒரு நாளிதழ் அவர்களை வாய்க்கு வந்தபடி எழுத, 1870-ல் தாம்ப்சன் அதன் ஆசிரியரை நடுத்தெருவில் குதிரைச் சவுக்கால் விளாசிவிட்டு, அபராதத்தையும் கட்டினார். ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் என்ற முறையில் இந்தச் செய்தியை மிகுந்த பணிவோடு பதிவு செய்கிறேன்.

1886-ல் நியூயார்க்கின் பிஜோ தியேட்டரில் ‘லிட்டில் ஜாக் ஷெப்பர்ட்’ என்ற பர்லெஸ்க்கில் ஃபுல்லர் கட்டிய வேடம் ஒரு திருடன். இதில் அவர் கற்றது கொஞ்சநஞ்சமல்ல. கூட்டத்தை எப்படி இழுப்பது, ஒரு துணியை எப்படி வீசினால் கைதட்டல் வரும், விளக்குப் போடுபவர் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும், எல்லாம் அங்கே கிடைத்த பாடம். நாட்டிய ஆசான் ஒருவரிடம் முறையாகப் பயின்றவர் அல்ல அவர். உருண்டு திரண்ட உடல்வாகு. அன்றைய நடன அழகி என்ற அச்சில் பொருந்தாதவர். அந்தக் குறை அவருக்கு வாய்ப்பாகப் போனது என்றே நினைக்கிறேன். பர்லெஸ்க் கால்களைக் காட்டிப் பிழைத்தது. அவரோ கெஜம் கெஜமாய் வெள்ளைப் பட்டை எடுத்துத் தன் உடலையே மறைத்துக்கொண்டார்.

1891 வாக்கில் பிறந்த அந்த நடனத்துக்குச் ‘சர்ப்ப நடனம்’ என்று பெயர். பட்டுக்குள் நீண்ட கோல்களைத் தைத்து, அவற்றைக் கைகளில் பிடித்துச் சுழற்றுவார். கைகள் பல மடங்கு நீண்டாற்போல் துணி தலைக்கு மேலே எழும்பும், சுருளும், விழும். பார்ப்பவர்கள் அல்லிப்பூ என்றார்கள், பட்டாம்பூச்சி என்றார்கள். அந்த உடைக்கு 1894-ல் அமெரிக்காவில் காப்புரிமையும் பெற்றார்.

துணி பாதி, ஒளி மீதி. அரங்கை முழுக்க இருட்டாக்கச் சொன்னார். மாலை நேரத்தில் தங்களைப் பிறர் பார்க்கவேண்டும் என்று வந்து உட்கார்ந்த சீமாட்டிகளுக்கு அது எப்படி இருந்திருக்குமோ! மேடையைச் சுற்றிலும் கறுப்புத் திரை. வண்ணக் கண்ணாடித் தகடுகள் பொருத்திய மின்விளக்குகளோடு பக்கங்களிலும் உயரத்திலும் ஆட்கள். ‘தீ நடன’த்துக்கு இன்னொன்று சேர்ந்தது: மேடையில் பதித்த தடித்த கண்ணாடிப் பலகை, அதன் கீழே நின்று சிவப்பு ஒளியை மேல்நோக்கிப் பாய்ச்சும் விளக்கு. அதன்மேல் நின்று அவர் பட்டைச் சுழற்றும்போது அடியிலிருந்து ஜுவாலை கிளம்பி ஆளையே விழுங்குவதுபோல் இருக்குமாம். வாக்னரின் ‘வால்கைரிகளின் சவாரி’ இசை முழங்கும். ஒரு டஜனுக்கு மேற்பட்ட மின்பணியாளர்கள் அந்தச் சில நிமிடங்களுக்காக உழைத்தார்கள். நிறம் மாற்ற வேண்டிய கணத்தை ஃபுல்லர் குதிகாலால் தரையைத் தட்டிச் சொல்வார்.

வேடிக்கையாகக் கேட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அந்தத் துணியைத் தூக்கி நிறுத்த எவ்வளவு தோள்பலம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இரவுக்கு இரவு கண்ணுக்கு நேரே அடித்த வெளிச்சம் அவருடைய பார்வையைப் பாழாக்கியது. எரியாத தீயும் தன் கூலியை வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறது.

அமெரிக்காவில் இந்த நடனம் மேடையேறியதுமே நகல்கள் முளைத்தன. நடனத்தை எழுத்தில் விவரித்துப் பதிவு செய்து, நகலெடுத்த ஒருவர்மேல் 1892-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார் ஃபுல்லர். இந்த நடனம் எந்தக் கதையையும் சொல்லவில்லை, எந்தப் பாத்திரத்தையும் காட்டவில்லை, அதனால் இது நாடகப் படைப்பே அல்ல என்று நீதிபதி தள்ளிவிட்டார். எனக்கு இந்தத் தீர்ப்பு இன்றுவரை செரிக்கவில்லை. கதை இல்லாவிட்டால் கலை இல்லை என்றால் பாதி இசையைக் குப்பையில் போடவேண்டும். நடன அமைப்புக்குத் தனியே பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்கச் சட்டம் சொல்ல 1976 வரை ஆயிற்று. நடைமுறைக்கு வந்தது 1978-ல்.

அதே 1892-ல் பாரிஸ் போனார். ஃபோலி பெர்ஜேர் அரங்கின் வாசலில் அவருக்கு முன்பே ஒரு சர்ப்ப நடனச் சுவரொட்டி. அவரைப் பார்த்துக் கற்றவர் அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார்! மேலாளர் ஃபுல்லரின் ஆட்டத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணை அனுப்பிவிட முடிவு செய்தார். ஆனால் விளம்பரம் அச்சாகி ஒட்டியாகிவிட்டது. ஆகவே முதல் ஓரிரு இரவுகள் தன்னை நகலெடுத்தவரின் பெயரிலேயே ஃபுல்லர் மேடையேறினாராம். இது அவரே தன் நினைவுக் குறிப்பில் சொல்லும் கதை. கதை சொல்வதிலும் அவர் கெட்டிக்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பிறகு பாரிஸ் அவரை விடவில்லை. ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1893-ல் அவரை ஏறத்தாழ அறுபது கல்லச்சுப் பிரதிகளாக வரைந்து ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வண்ணம் தீட்டினார். கவிஞர் மல்லார்மே எழுதினார், சிற்பி ரோதேன் நண்பரானார். 1900 பாரிஸ் பொருட்காட்சியில் அவர் பெயரிலேயே ஒரு தனி அரங்கு. ஜப்பானிய நடிகை சதா யாக்கோவை ஐரோப்பியருக்கு அவர் அறிமுகப்படுத்தியது அங்கேதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ரேடியம் இருளில் ஒளிர்கிறது என்று கேள்விப்பட்டு, அதை உடையில் பூசிக்கொள்ள முடியுமா என்று மேரி, பியேர் க்யூரி தம்பதிக்கே கடிதம் எழுதிவிட்டார். அவர்கள் பொறுமையாக, அது ஏன் ஆகாது என்று விளக்கிப் பதில் போட்டார்கள். நன்றிக்கடனாக ஃபுல்லர் தன் மின்பணியாளர்களோடு அவர்கள் வீட்டுக்கே போய், சாப்பாட்டு அறையை மேடையாக்கி ஆடிக் காட்டினார். நட்பு நீடித்தது. ரேடியம் கிடைக்காவிட்டால் என்ன, ஒளிரும் உப்புகளை வைத்துத் தானே சோதனை செய்யத் தொடங்கினார். ஒருமுறை அது வெடித்து அவருடைய புருவமும் இமை முடியும் போயின. மேடையில் அண்டாத நெருப்பு ஆய்வுக்கூடத்தில் வந்து தொட்டுவிட்டது.

1928 ஜனவரி 1-ல் பாரிஸில் நிமோனியாவால் இறந்தார். நீண்டகாலத் துணையாக இருந்த காப் சொரேர் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். இளைய வாசகர்களுக்கு ஒரு செய்தி: 2018-ல் டெய்லர் ஸ்விஃப்ட் தன் உலகச் சுற்றுப்பயண மேடையில் பட்டு சுழலும் ஒரு நடனத்தை இவருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

செல்பேசியில் ‘சர்ப்ப நடனம்’ தேடினால் கையால் வண்ணம் தீட்டிய பழைய படத்துண்டுகள் நிறைய வரும். பார்த்து ரசியுங்கள். ஆனால் பெரும்பாலும் அவற்றில் ஆடுவது ஃபுல்லர் அல்ல. எடிசன் நிறுவனப் படத்தில் இருப்பவர் அன்னபெல் விட்ஃபர்ட். நகல்கள்தான் படச்சுருளில் தங்கின.

அந்தக் கண்ணாடிப் பலகைக்குக் கீழே விளக்கைப் பிடித்தவர்களின் பெயர்களை நான் எந்தச் சுவரொட்டியிலும் பார்க்கவில்லை. உங்கள் ஊர்த் திருவிழா நாடகத்திலோ சர்க்கஸிலோ பாட்டுக் கச்சேரியிலோ விளக்குப் போட்டவர்கள், திரை இழுத்தவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், அவர்களைப் பற்றி இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். புகைப்படம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. அடுத்த இதழில் எட்டுப் பக்கம் காலியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்