மஞ்சள் மனிதனும் ஒழுக்கசீலர்களும்

போன மாதம் கூட்டம் முடிந்து டீக்கடை வாசலில் நின்றபோது தோழர் ஒருவர் தீர்ப்பு எழுதினார். "பாப் மார்லி செத்த அன்னிக்கே ரெகே செத்துப்போச்சு. அப்புறம் வந்த டான்ஸ்ஹால் எல்லாம் வெறும் ஆபாசம். அதப்போயி விடுதலை இசைன்னு பேசாதீங்க." கையில் சூடாக டீ இருந்ததால் அப்போது சண்டை போடவில்லை. இப்போது போடுகிறேன்.

மார்லி இறந்தது 1981 மே மாதம். அதற்கு முந்தின வருஷம்தான் ஜமைக்காவில் தேர்தல். சோசலிசம் பேசிய மைக்கேல் மேன்லி தோற்றார், எட்வர்ட் சியாகா வந்தார். இரண்டு கட்சிகளின் துப்பாக்கிக்கும் அந்த ஒரே வருஷத்தில் ஏறத்தாழ 800 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கிங்ஸ்டன் சேரிகளின் ஏழைகள். பிணம் எண்ணிக் களைத்துப்போன அந்தச் சனம் ராத்திரி எங்கே கூடியது? திறந்தவெளியில், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு முன்னால். பழைய பாட்டொன்றின் பேஸும் டிரம்மும் மட்டும் ஓடும். அதன்மேல் ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசுவார், பாடுவார், வம்புக்கு இழுப்பார். அவர்தான் டீஜே. பேச்சு பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் இல்லை, தெருவின் பாட்வாவில். பேண்ட் வைக்கக் காசில்லாதவருக்கும் வாய் இருக்கிறதே!

அப்படி வாயால் ஜெயித்தவர் வின்ஸ்டன் ஃபாஸ்டர். 1956-இல் பிறந்தவர். பிறவியிலேயே உடலில் நிறமி இல்லை. குழந்தையாக இருந்தபோதே கைவிட்டுவிட்டார்கள். வளர்ந்தது கிங்ஸ்டனின் அநாதை இல்லங்களில். அதில் ஒன்று கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பள்ளி. டான் டிரம்மண்ட், டாமி மெக்குக் போன்ற மேதைகள் வாத்தியம் பழகிய இடம். நிறமி இல்லாதவர்களை அந்த ஊர் 'டண்டஸ்' என்று கேலி பேசும், ஒதுக்கும், தொடக் கூசும். அது எப்படிப்பட்ட கூச்சம் என்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன ஜமைக்காவில் தோல் வெளுக்க வெளுக்க மரியாதை கூடும். அந்தக் கணக்குப்படி, மாளிகைக்காரர்களைவிட வெளுத்த ஃபாஸ்டருக்குச் சிம்மாசனமே கிடைத்திருக்க வேண்டாமா? கிடைத்தது குப்பை மரியாதை. நான் வங்கிக் கவுண்டரில் நோட்டு எண்ணுகிறவன். நோட்டின் நிறத்தைப் பார்த்து நாங்கள் ஏமாறுவதில்லை, வெளிச்சத்தில் பிடித்து வாட்டர்மார்க் பார்ப்போம். மேட்டுக்குடியும் அதைத்தான் செய்தது. நிறம் சரி, வம்சம் எங்கே? சொத்து எங்கே? நிறவெறி என்பது கண்ணில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது என்பதைத் தன் உடம்பாலேயே அம்பலப்படுத்திய மனிதர் அவர்.

அவர் என்ன செய்தார்? வசவையே பட்டமாக்கினார். யெல்லோமேன், மஞ்சள் மனிதன். அவருக்கு முன்பே முகம் கோணிப் பிறந்த கிங் ஸ்டிட் தன்னை 'அசிங்கமானவன்' என்று அறிவித்துக்கொண்டு மைக் பிடித்திருக்கிறார். யெல்லோமேன் இன்னும் ஒருபடி மேலே போனார். ஊரில் உள்ள அழகன் நான்தான், பெண்களெல்லாம் என் பின்னால்தான் என்று பாடினார். தொடக் கூசிய உடம்பை ஆசைக்குரிய உடம்பாக மேடையில் நிறுத்தினார். 1982 சன்ஸ்பிளாஷ் விழாவில் கூட்டம் அவரைக் கொண்டாடியது. 1983-இல் வந்த 'சுங்குசுங்கு' பாட்டின் மெட்டு கடல் தாண்டி 1987-இல் பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸுக்கும் 1995-இல் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் வாய்க்கும் போனது. 1984-இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். கூப்பிட்டு ஒப்பந்தம் போட்டது. ஒரே ஆல்பம், அத்தோடு சரி.

ஒழுக்கசீலர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஸ்லாக்னஸ்', அதாவது ஆபாசம். 800 பிணத்தைப் பார்த்து எழாத கூச்சம் இவர்களுக்கு ஒரு பாட்டைக் கேட்டதும் எழுந்தது. மேற்கிந்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரலின் கூப்பர் 1993-இல் வந்த தன் நூலில், மேல்தட்டின் ஒழுங்குக்கு எதிரான கலகமாக இந்த ஆபாசத்தை வாசித்துக் காட்டினார். தோழர் படிக்க வேண்டும்.

அதற்காக யெல்லோமேனைக் கும்பிடச் சொல்லவில்லை. அவர் பாட்டில் பெண் பல இடங்களில் வெறும் எண்ணிக்கை. தன் உடம்பை மீட்டவர் அடுத்தவள் உடம்பைப் பரிசுக்கோப்பையாக்கினார். இதை மூடி மறைத்தால் நாமும் பொய்யர்கள்தான். ஆனால் இதற்குப் பதில் ஒழுக்கசீலர்களிடமிருந்து வரவில்லை, அதே மைக்கிலிருந்து வந்தது. 1990-களில் லேடி சா பெண்ணின் ஆசையைப் பெண் வாயாலேயே பாடினார். ஆபாசம் என்று கத்தியவர்களுக்கு 1996-இல் ஒரு பாட்டாலேயே பதில் சொன்னார். குற்றச்சாட்டை அப்படியே அரசாங்கத்தின் கையாலாகாத்தனத்தின் பக்கம் திருப்பி விட்டார்.

யெல்லோமேனுக்குப் புற்றுநோய் வந்தது. மூன்று வருஷம்தான் என்றார்கள் டாக்டர்கள். 1980-களின் நடுவில் தாடையை அறுத்தெடுத்தார்கள். முகம் ஒரு பக்கம் கோணிப்போனது. வாயை வைத்துப் பிழைத்தவரின் தாடை! அந்த முகத்தோடேயே திரும்பவும் மேடை ஏறினார். 1994-இல் 'பிரேயர்' ஆல்பத்தில் வேறு விஷயங்களைப் பாடினார். 2018-இல் ஜமைக்கா அரசு விருது கொடுத்து கௌரவித்தது. மாளிகைக்கு வாட்டர்மார்க் தெரிய முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

தோழரே, மார்லியின் படம் போட்ட பனியன் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நம் காதுக்கு இதமாகப் பேசும் ஏழைதான் போராளி, மற்றவனெல்லாம் ஆபாசக்காரன் என்று பிரித்து வைக்கும் வேலையை நமக்கு யார் கொடுத்தது? அடுத்த கூட்டத்துக்கு யெல்லோமேன் பாட்டும் லேடி சா பாட்டும் கொண்டு வருகிறேன். டீ என் செலவு. முழுசா கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.