கஞ்சில் செய்த குற்றம் யாது?

மலாய்க் கதைகளில் வரும் "சாங் கஞ்சில்" என்னும் சருகுமான் பொய்யனாம். அதன் கதை பிள்ளைகளைக் கெடுக்குமாம். நம்மவருட் சிலர் இவ்வாறு புலம்பித் திரிகின்றனர்.

கொம்பில்லாத, இரண்டு கிலோ அளவே எடையுள்ள அச்சிற்றுயிர், முதலைகள் நிறைந்த ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. உங்களை எண்ணிவருமாறு அரசர் ஆணை என்று சொல்லி, முதலைகளைக் கரைக்குக் கரை வரிசையாகக் கிடக்கச் செய்து, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணியவாறே அவற்றின் முதுகின்மேல் தாவி அக்கரை சேர்ந்தது. பொய்தான், மறுப்பாரில்லை. மெய் பேசியிருந்தால் முதலையின் வயிற்றிலன்றோ இருந்திருக்கும்! இரைக்கு வாய்மையைப் போதிக்கும் இப்பெரியோர், முதலைக்கு என்றேனும் கொல்லாமையைப் போதித்ததுண்டா?

வெள்ளரித் தோட்டத்தில் திருடியதும் இதே கஞ்சிலன்றோ என்பர். ஆம், அதற்கு நாமும் பரிந்து பேசோம். உழைப்பவன் பயிரைத் தின்றது திருட்டே. பிசின் பூசிய பொம்மையில் ஒட்டிக்கொண்டு தவித்ததும் தகும். உயிர் காக்கச் சொன்ன பொய்யையும் வயிறு புடைக்கச் செய்த களவையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் மடமை.

மலாக்கா மாநிலச் சின்னத்தில் நிற்பன இரு சருகுமான்கள். மலேசியாவின் முதல் கார்ட்டூன் குறும்படமாக 1983-இல் வெளிவந்ததும் இக்கஞ்சிலின் கதையே. ஆக்கியவர் ஆனந்தம் சேவியர். அங்ஙனமிருக்க, அடங்கிப் போ என்ற சொல்லையே கேட்டு வளரும் தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் இக்கதையை ஏன் மறைக்க வேண்டும்?